அடியில் அரசன் பெயர்

1

ஒரு சீனப் பீங்கான் சாடியை எடுத்துக்கொள்வோம். வெள்ளை உடம்பு. மேலே நீலத்தில் மலை, மூங்கில், ஆற்றோரம் ஒரு கிழவன். சாடியைக் கவிழ்த்துப் பார்த்தால் அடிவட்டத்துக்குள் ஆறு எழுத்துகள் இருக்கும். 'மாபெரும் மிங் மரபில், சுவாண்டே ஆட்சியில் செய்தது' என்று அதற்குப் பொருள். சுவாண்டே 1426 முதல் 1435 வரை ஆண்ட அரசன். அவனும் படம் எழுதுகிறவன்தான். காகிதத்தில் எழுதிய படங்களில் தன் பெயரைப் போட்டுக்கொண்டவன். ஆனால் இந்தச் சாடிக்கு அவன் மண் பிசையவில்லை. சக்கரம் சுற்றவில்லை. மலையை எழுதியதும் அவன் கை இல்லை. பெயர் மட்டும் அவனுடையது.

அப்போ எழுதியது யார்? தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே இல்லை என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டார்கள் என்பதுதான் சரி. அந்த முடிவு எப்படி எடுக்கப்பட்டது, யாரால் எடுக்கப்பட்டது என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

கலை வரலாறு வழக்கமாகச் சொல்கிற கதை ஒன்று உண்டு. சீன மை ஓவியம் கற்றறிந்த மேன்மக்களின் கலை. அவர்கள் பட்டிலும் காகிதத்திலும் கண்டுபிடித்த உத்திகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, குயவர்களின் பாண்டத்துக்கு வந்து சேர்ந்தன என்கிற கதை. மேலே மூளை, கீழே கை. மூளை யோசித்தது, கை காப்பியடித்தது. கேட்பதற்குப் பழகிய கதையாக இருக்கிறது, இல்லையா? இது பாதிதான் உண்மை. மீதிப் பாதியைப் பானைகள் சொல்கின்றன.

2

முதலில் மையைப் பற்றிப் பேசிவிடுவோம். பைன் மரத்தை எரித்தால் வரும் புகைக்கரி, அல்லது எண்ணெய் விளக்கில் படியும் கரி. விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த வச்சிரப் பசையோடு அதைச் சேர்த்துப் பிசைந்து, இடித்து, அச்சில் அழுத்திக் காயவைத்தால் மைக்கட்டி. அதைக் கல்லில் தண்ணீர் விட்டு உரைத்தால் மை. நிறம் ஒன்றே ஒன்றுதான், கறுப்பு. ஆனால் தண்ணீரின் அளவை மாற்றி மாற்றி அந்த ஒரு கறுப்பை ஐந்தாகப் பிரித்தார்கள்: கருகல், கெட்டி, கனம், வெளிர், தெளிவு. படிகாரம் பூசாத பச்சைக் காகிதம் மையைத் தொட்ட நொடியே உறிஞ்சிக்கொள்ளும். வைத்த கோட்டை அழிக்க முடியாது, திருத்த முடியாது. தூரிகையின் சாய்வு, அழுத்தம், வேகம், அதில் நிற்கும் ஈரம் எல்லாம் அப்படியே பதிந்துவிடும்.

இதிலிருந்து பல முறைகள் கிளைத்தன. நிழலோ நிறமோ இல்லாமல் கோட்டாலேயே உருவத்தைக் கொண்டுவருவது ஒன்று. கோடே இல்லாமல் ஈரப்பூச்சாலேயே இலையையும் பூவையும் எழுப்புவது இன்னொன்று. அதற்கு 'எலும்பில்லா முறை' என்று பெயர். பாறையின் மடிப்பையும் மலையின் சுருக்கத்தையும் காட்டத் தனித்தனிக் கீற்றுகள் உண்டு. கோடரியால் செதுக்கியது போன்ற கீற்று ஒரு வகை, சணல் நாரைப் பிரித்துப் போட்டது போன்ற கீற்று இன்னொரு வகை.

இத்தனையும் கையால் செய்கிற காரியம். வருஷக்கணக்கில் கை பழகாமல் ஒன்றும் வராது. ஆனால் இந்தக் கை யாருடையது என்கிற இடத்தில்தான் சண்டை.

847ஆம் ஆண்டில் ஜாங் யான்யுவான் என்பவர் சீன ஓவியத்தின் வரலாற்றை ஒரு பெரிய நூலாக எழுதி முடித்தார். அமைச்சர்களைப் பெற்ற குடும்பத்துக்காரர். பழங்காலம் தொட்டு நன்றாகப் படம் எழுதியவர்கள் எல்லாரும் பட்டாடை உடுத்திய பிரபுக்களும் உயர்ந்த அறிஞர்களும்தான், சந்துகளில் வாழும் தாழ்ந்தவர்களால் ஆகிற காரியமல்ல இது என்று அந்த நூலில் அவர் தீர்ப்பு எழுதி வைத்தார். கவனிக்க வேண்டும். தாழ்ந்தவர்கள் எழுதிய படம் மோசம் என்று அவர் சொல்லவில்லை. அவர்களால் முடியவே முடியாது என்கிறார். படத்தைப் பார்க்காமலே தீர்ப்பு.

ஏன் இவ்வளவு அவசரம்? ஓவியம் கையில் அழுக்குப் படுகிற வேலை என்பது அவர்களுக்கே உறுத்திக்கொண்டிருந்தது. யான் லிபென் கதை அதற்குச் சாட்சி. 7ஆம் நூற்றாண்டில் தாங் அரசன் தைசோங் ஏரியில் படகில் போகிறான். விநோதமான நீர்ப்பறவைகள் தெரிகின்றன. விருந்தாளிகளைப் பாட்டுக் கட்டச் சொல்லிவிட்டு, "ஓவியக்காரன் யான் லிபெனைக் கூப்பிடு" என்கிறான். யான் லிபென் அரசாங்க அதிகாரி. ஓடி வந்து, வியர்க்க விறுவிறுக்கக் கரையில் குப்புறக் கிடந்து, நிறம் குழைத்து எழுதுகிறார். சக அதிகாரிகள் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறார்கள். வீட்டுக்குப் போய் மகனிடம் என்ன சொன்னாராம்? நானும் மற்றவர்களைப் போலப் படித்தவன்தான், ஆனாலும் ஓவியக்காரன் என்று மட்டும் பெயராகி வேலைக்காரனைப் போலச் சேவகம் செய்ய நேர்ந்தது, இதைவிட அவமானம் இல்லை, நீ இந்தத் தொழிலைப் படிக்காதே என்றாராம். பின்னாளில் அமைச்சரான மனிதர் இவர். கையால் செய்கிறவன் என்று ஒருவரைக் கூப்பிட்டதே அவமானமாகிவிட்டது என்றால், அந்தக் கையை வைத்தே பிழைக்கிறவன் அவர்கள் கணக்கில் எங்கே இருந்திருப்பான்?

அதனால்தான் ஓவியத்தைத் தொழிலிலிருந்து பிரிக்க வேண்டியிருந்தது. 11ஆம் நூற்றாண்டில் கவிஞரும் அதிகாரியுமான சு ஷி அதைச் செய்தார். அறிஞன் குதிரையை எழுதினால் அதன் உள்ளெழுச்சியைப் பிடிக்கிறான். தொழில்காரன் சவுக்கையும் தோலையும் தீவனத் தொட்டியையும்தான் எழுதுகிறான் என்றார். மூங்கிலை 'வரைவது' என்று சொல்லாமல் 'எழுதுவது' என்று சொல்ல ஆரம்பித்தார்கள். நம் மொழியிலும் சித்திரம் எழுதுவது என்றுதான் பழைய வழக்கு. ஆனால் அங்கே அந்தச் சொல் ஒரு வேலி. எழுத்தறிந்தவன் மட்டும் எழுதலாம், மற்றவன் வரையலாம்.

மிங் காலக் கடைசியில் டோங் சிச்சாங் (1555–1636) வந்து இந்த வேலியைச் சுவராக்கிவிட்டார். தெற்குப் பள்ளி என்று ஒன்று, வடக்குப் பள்ளி என்று ஒன்று. இது ஊர்க்கணக்கு இல்லை. தெற்கு என்றால் அறிஞர் பரம்பரை, வடக்கு என்றால் கூலிக்கு எழுதுகிற தொழில்காரர் பரம்பரை. வடக்கு நம்மைப் போன்றவர்கள் பயிலத் தக்கதல்ல என்று சொல்லிவிட்டார். அரக்குப் பூச்சு வேலைக்காரராக வாழ்க்கையைத் தொடங்கி மிங் காலத்துப் பெரிய ஓவியர் நால்வரில் ஒருவராக உயர்ந்த சியூ யிங்குக்கும் இந்தக் கணக்கில் இரண்டாம் பந்திதான். திறமையை மறுக்க முடியவில்லை; பிறந்த இடத்தையும் மறக்க முடியவில்லை.

3

இப்போது பானைகளிடம் போவோம்.

மஞ்சளாற்றுப் பகுதியில் யாங்ஷாவ் பண்பாடு என்று அறியப்படும் புதிய கற்கால ஊர்கள் இருந்தன. ஏழாயிரம் ஆண்டுப் பழமை. சியான் நகருக்குப் பக்கத்தில் பான்போவில் 1950களில் தோண்டியபோது செம்மண் வட்டில்கள் கிடைத்தன. உட்புறத்தில் கறுப்புக் கோட்டில் மீன், மீனைக் காதோரம் சுமந்த மனித முகம். கோடு ஓரிடத்தில் தடித்து, ஓரிடத்தில் மெலிந்து, முடிகிற இடத்தில் கூர்ந்து போகிறது. மயிர்த்தூரிகை போன்ற ஏதோ ஒன்றால்தான் இதைப் போட்டிருக்க முடியும் என்பது ஆராய்ச்சியாளர்களின் பொதுவான கருத்து. காகிதம் பிறக்க இன்னும் நாலாயிரம் ஆண்டுக்கு மேல் இருக்கிறது. சீனத் தூரிகைக் கோட்டின் பிறந்த வீடு பானை. குயவரிடம் தூரிகை வந்து சேரவில்லை. அவரிடமே இருந்தது.

சரி, அது ஆதிகாலம், எழுத்தும் வகுப்பும் வருவதற்கு முந்தியது என்று ஒருவர் சொல்லலாம். ஜாங் யான்யுவானின் காலத்துக்கே வருவோம். ஹூனான் பகுதியில் சாங்ஷா சூளைகள் இருந்தன. அரசாங்கச் சூளை அல்ல, சாதாரணச் சந்தைக்கு வேலை செய்த இடம். இரும்பும் செம்பும் கலந்த நிறத்தைத் தூரிகையில் தொட்டு, பறவை, மேகம், பூ எழுதி, கண்ணாடிப் பூச்சோடு சேர்த்துச் சுட்டார்கள். கிண்டிகளின் வயிற்றில் பாட்டும் எழுதினார்கள். பிரிவு, பயணம், வியாபாரம், குடி, காதல் எல்லாம் அந்தப் பாட்டுகளில் உண்டு. தாங் காலக் கவிதைகளின் பெருந்தொகுப்பில் இடம்பெறாத பாட்டுகள் பல, இந்தக் கிண்டிகளில் மட்டும் உயிரோடு இருக்கின்றன.

1998இல் இந்தோனேசியாவின் பெலிதுங் தீவுக்குப் பக்கத்தில் கடலடியில் ஒரு பழைய கப்பல் கிடைத்தது. மேற்கே போய்க்கொண்டிருந்த சரக்கு. அறுபதாயிரம் அளவுக்குப் பாண்டங்கள், பெரும்பாலும் சாங்ஷா கிண்ணங்கள். ஒரு கிண்ணத்தில் 826ஆம் ஆண்டைக் குறிக்கும் தேதி இருக்கிறது. அதாவது, தாழ்ந்தவர்களால் படம் எழுத முடியாது என்று ஜாங் யான்யுவான் எழுதி முடிப்பதற்கு 21 வருஷத்துக்கு முன்பே, தாழ்ந்தவர்களின் கைகள் ஆயிரக்கணக்கான கிண்ணங்களில் படம் எழுதிக் கடல் கடந்து அனுப்பியிருக்கின்றன. அந்தக் கிண்ணங்கள் அவர் கண்ணில் படவில்லை. பட்டாலும் அவற்றை ஓவியம் என்று அவர் எண்ணியிருக்க மாட்டார்.

அடுத்து வடக்கே ஹெபெய்ப் பகுதியின் சிஜோ சூளைகள். சோங், ஜின், யுவான் ஆகிய மூன்று மரபுகளின் காலத்திலும் புகையடங்காத சூளைகள். அங்கே கிடைத்த மண் சாம்பல் நிறத்தில் கரடுமுரடாக இருந்தது. அதன்மேல் வெள்ளை மண் குழம்பைப் பூசினார்கள். அந்த வெள்ளைமேல் இரும்பு கலந்த கறுப்பில் தூரிகை ஓட்டினார்கள். வெள்ளைக் குழம்புதான் காகிதம், இரும்புதான் மை. தலைக்கு வைத்துத் தூங்குகிற பீங்கான் தலையணைகளில் ஆற்றில் தூண்டில் போடும் பையன், நாணல், வாத்து, மூங்கில் என்று ஐந்தாறு வீச்சில் எழுதி முடித்த படங்கள் இருக்கின்றன. சு ஷி சொன்ன உள்ளெழுச்சி அறிஞர்களுக்கு மட்டும் சொந்தமென்றால் இந்தத் தூண்டில் பையனிடம் இருப்பது என்ன?

இந்தத் தலையணைகள் சிலவற்றின் அடியில் 'ஜாங் வீட்டார் செய்தது' என்று முத்திரை இருக்கிறது. அரசன் பெயர் இல்லை, குயவர் வீட்டுப் பெயர். சந்தைக்குச் செய்தவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே வைத்துக்கொண்டார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

4

தெற்கே ஜியாங்சி மாகாணத்தின் ஜிங்டெஜென் ஊரில் வெள்ளை மண் கிடைத்தது. 14ஆம் நூற்றாண்டில் பாரசீகத்திலிருந்து கோபால்ட் வந்தது. இரண்டும் சேர்ந்து நீலவெள்ளைப் பீங்கான் பிறந்தது. இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு ஜோடிக் குடுவைகளில் 1351 என்பதற்கு ஒத்த தேதி எழுதியிருக்கிறது. கோயிலுக்குக் காணிக்கையாக அவற்றைக் கொடுத்த ஜாங் வென்ஜின் என்பவரின் பெயரும் இருக்கிறது. டிராகனை எழுதியவர் பெயர் இல்லை. காசு கொடுத்தவர் பெயர் நின்றது.

காகிதத்தில் செய்கிற வேலைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று பார்த்தால்தான் இந்தக் கையின் அருமை புரியும். பாண்டம் வனைந்து, காய்ந்து, இன்னும் சூளைக்குப் போகாமல் பச்சையாக இருக்கும்போதே எழுத வேண்டும். காய்ந்த பச்சை மண் காகிதத்தைவிடப் பேராசையோடு தண்ணீரைக் குடிக்கும். தூரிகையை ஒரு கணம் நிறுத்தினால் கறை. அழுத்தினால் மண் பெயர்ந்துவிடும். தளமும் தட்டை இல்லை. குடத்தின் வயிற்றில் கோடு வளைந்துதான் போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, எழுதும்போது நிறம் தெரியாது. அரைத்த கோபால்ட் அப்போது கறுப்பாக, அழுக்குச் சாம்பலாகத்தான் இருக்கும். மேலே கண்ணாடிப் பூச்சுக் கொடுத்து, 1300 டிகிரி அளவு வெப்பத்தில் சுட்ட பிறகுதான் நீலம் வரும். காகித ஓவியர் தான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறார். பீங்கான் எழுதுகிறவர் நாளை வரப்போகும் நீலத்தை இன்றைய கறுப்பில் மனதால் பார்த்து எழுத வேண்டும்.

மையின் ஐந்து நிலைகள் இங்கே நீலத்தின் ஐந்து நிலைகள் ஆயின. அதற்கு ஜிங்டெஜென் தொழிலாளர்கள் கண்டுபிடித்த முறைக்குத் 'தண்ணீர் பிரித்தல்' என்று பெயர். கோபால்ட்டைத் தேயிலைத் தண்ணீரில் கரைத்து ஐந்து கிண்ணங்களில் அடர்த்தியிலிருந்து வெளிர்வரை வைத்துக்கொள்வார்கள். மெல்லிய தூரிகையால் முதலில் கோடு. பிறகு கோழித்தலைத் தூரிகை என்று அவர்கள் சொல்லும் கொழுத்த தூரிகையில் நிறநீரை நிறைய எடுத்து, கோட்டுக்குள் ஒரு சொட்டாக நிற்க வைத்து, தூரிகையின் நுனி மண்ணை உரசாமல், அந்த நீரை மட்டும் நகர்த்திக்கொண்டே போவார்கள். எல்லை வந்ததும் மிச்ச நீரைத் தூரிகையாலேயே உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். பெருக்கு முறை தெரியாதவன் செய்தால் திட்டுத்திட்டாகக் காய்ந்துவிடும். காகிதத்தில் இந்த முறை கிடையாது. இது பாண்டத்தில் பிறந்தது. காங்சி ஆட்சியில் (1662–1722) இது உச்சத்துக்குப் போனது. மலையின் கோடரிக் கீற்று, தூரத்து மூடுபனி, நீரில் விழும் நிழல் எல்லாம் ஒரே நீலத்தில் வந்தன. மேலிருந்து வந்த உத்தி என்று மட்டும் இதைச் சொல்லிவிட்டுப் போக முடியாது. மேலே இருந்தவர்கள் ஒருவரும் பச்சை மண்ணில் தண்ணீரை நிறுத்திப் பழகியவர்கள் இல்லை.

5

இவ்வளவு தெரிந்த கைகளை என்ன செய்தார்கள்? துண்டு துண்டாக வெட்டினார்கள்.

மிங் ஆட்சி குடும்பங்களைத் தொழில்வாரியாகப் பதிவேட்டில் எழுதியது. கைவினைக் குடும்பம் என்று பதிந்தால் மகனும் கைவினைக்காரன், பேரனும் கைவினைக்காரன். முறை வைத்து அரசாங்கத்துக்கு வேலை செய்ய வேண்டும். 1562இல் முறைவேலைக்குப் பதிலாக வெள்ளிக்காசு கட்டச் சொன்னார்கள். பதிவேடே ஒழிந்தது 1645இல், சிங் ஆட்சி வந்த பிறகுதான்.

1990இல் ஜிங்டெஜென் அரசுச் சூளை இருந்த ஜூஷானில், மிங் முதல் அரசன் ஹோங்வூ காலத்து ஓடுகள் கிடைத்தன. அவற்றில் பெயர்கள் இருக்கின்றன! செய்தவர் வாங் ஷிமிங், பூச்சு ஊற்றியவர் ஃபான் தாவ்மிங், நெருப்புப் பார்த்தவர் ஃபாங் நான், அதற்குமேல் மேஸ்திரி, மேற்பார்வை அதிகாரி என்று வரிசையாக. சந்தோஷப்பட ஒன்றுமில்லை. ஓடு உடைந்தாலோ கோணலானாலோ யாரைப் பிடிப்பது என்பதற்காக எழுதிய பெயர்கள் அவை. பொருளில் செய்தவன் பெயரைப் பொறித்து அவன் ஒழுங்கைச் சோதிப்பது சீன அரசுகளின் பழைய வழக்கம். சின் அரசனின் சுடுமண் வீரர்களிலும் அப்படித்தான் பெயர்கள் இருக்கின்றன. குற்றம் பிடிக்கப் பெயர் தேவைப்பட்டது. புகழுக்குத் தேவைப்படவில்லை.

1637இல் சோங் யிங்சிங் எழுதிய தொழில் கலைக்களஞ்சியம் ஒரு கிண்ணம் முடிவதற்கு 72 கை மாற வேண்டும் என்கிறது. 1712இல் அங்கே இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் தாந்த்ரகோல் 70 பேர் என்கிறார். ஒருவர் விளிம்பில் வட்டம் மட்டும் போடுவார், இன்னொருவர் பூவின் கோட்டை மட்டும் போடுவார், மூன்றாமவர் நிறம் மட்டும். மலையும் நீரும் எழுதுகிறவர் வேறு, பறவையும் விலங்கும் எழுதுகிறவர் வேறு. ஓவியக்காரர்களும் மற்றத் தொழிலாளர்களைப் போலவே பரம ஏழைகள் என்றும் எழுதுகிறார். செத்த ஏழைகளைப் புதைக்க இடமில்லாமல், மலையடியில் ஒரு பெருங்குழியில் போட்டுச் சுண்ணாம்பைக் கொட்டுவார்களாம். பத்தாயிரம் பேரின் குழி என்று அதற்குப் பெயர். சாடிக்கு அடியில் அரசன் பெயர், சாடி செய்தவனுக்குப் பெயரில்லாத குழி.

அரசுச் சூளையின் மேற்பார்வையாளர் டாங் யிங் 1728இல் அங்கே வந்தவர். தொழிலாளர்களோடு மூன்று வருஷம் சேர்ந்து உண்டு, சேர்ந்து தங்கித் தொழிலைக் கற்றதாக எழுதியவர், அதிகாரிகளில் அபூர்வமானவர். 1743இல் அரசன் கட்டளைப்படி, பீங்கான் தொழிலைக் காட்டும் 20 படங்களுக்கு அவர் விளக்கம் எழுதினார். கோடு போடுகிறவன் கோடு மட்டும் கற்பான், நிறம் தீட்டுகிறவன் தீட்ட மட்டும் கற்பான், அப்போதுதான் கை ஒருமைப்படும், மனம் சிதறாது என்று அவரே விளக்குகிறார். வட்டம் போடுவது சக்கரக்காரர் வேலை. அடியில் அரசன் பெயரை எழுதவும் தனி ஆள் உண்டு. வாழ்நாள் முழுக்க அடுத்தவன் பெயரை மட்டுமே எழுதிக்கொண்டிருந்த அந்த எழுத்துக்காரரை நினைத்துப் பாருங்கள். கையெழுத்து அழகு, பெயர் இரவல்.

இதே விளக்கத்தில் நிறம் அரைக்கிறவர்களும் வருகிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்து நாளெல்லாம் கோபால்ட்டை அரைக்கிற வேலை. சம்பளம் மாதத்துக்கு ஒரு தைல் வெள்ளியில் பத்தில் மூன்று பங்கு. இன்றைய கணக்கில் 11 கிராம் வெள்ளி. இரண்டு கையாலும் இரண்டு கலுவத்தில் இராத்திரிவரை அரைத்தால் இரட்டிப்பு. கிழவர்கள், சிறுவர்கள், ஊனமுற்றவர்கள், நோயாளிகள் இதை வைத்துத்தான் பிழைத்தார்கள் என்கிறார் டாங் யிங். ஐந்து நீலம் என்று நாம் வியக்கிற நீலத்தின் அடியில் இந்தக் கைகள் இருக்கின்றன.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டார்களா? இல்லை. வான்லி ஆட்சியில் அரசன் கேட்ட ராட்சத டிராகன் தொட்டிகள் சூளையில் வெடித்துக்கொண்டே இருந்தன. வேலைக்காரர்களுக்கு அடியும் பட்டினியும். 1599இல் துங் பின் என்கிற தொழிலாளி எரியும் சூளைக்குள் குதித்தார், மறுநாள் தொட்டி பிசகில்லாமல் வந்தது என்று ஊர் சொல்கிறது. அதிசயத்தை விட்டுவிடலாம். அடுத்த சில ஆண்டுகளில் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்து அரசுப் பட்டறைக்குத் தீ வைத்தது வரலாறு. துங் பின்னைக் காற்றுக்கும் நெருப்புக்கும் தெய்வமாக்கிக் கோயில் கட்டினார்கள். ஜிங்டெஜென் வரலாற்றில் ஒரு தொழிலாளியின் பெயர் நின்றதென்றால் முதலில் இப்படித்தான் நின்றது. செத்துத்தான் பெயர் வாங்க வேண்டியிருந்தது.

6

1620இல் வான்லி இறந்தபின் அரண்மனை ஆர்டர்கள் நின்றுபோயின. 1680கள்வரை அரசுச் சூளை முறையாக நடக்கவில்லை. கலை நசித்துப் போயிருக்க வேண்டுமே? மாறாக, தனியார் பட்டறைகளில் தூரிகை அவிழ்ந்து ஓடியது. அரண்மனை அனுப்பிய மாதிரிப்படம் இல்லாததால், மரக்கட்டையில் அச்சான கதைப் புத்தகங்களைப் பார்த்து, நாடகக் காட்சிகளையும் மலையையும் புல்லையும் தங்கள் இஷ்டத்துக்கு எழுதினார்கள். ஏழைகளுக்கான முரட்டுக் கிண்ணங்களில் இன்னொன்று நடந்தது. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் எழுதியாக வேண்டிய கட்டாயத்தில், தாமரையும் இறாலும் நாலு வீச்சாகச் சுருங்கின. 'ஆயுள்' என்கிற எழுத்து ஒரே சுழிப்பாயிற்று. அறிஞர்கள் தவமிருந்து தேடிய தன்னிச்சையான வீச்சை, கூலியின் அவசரம் இந்தக் கைகளுக்குக் கற்றுக்கொடுத்தது. இதைப் பெருமையாகச் சொல்லலாமா, வேதனையாகச் சொல்ல வேண்டுமா என்று எனக்கு இன்னும் தீர்மானமாகவில்லை.

பெயர் எப்போது வந்தது? 1850களில் தைப்பிங் போரில் அரசுச் சூளை அழிந்தது, 1866இல் மறுபடி கட்டினார்கள். அந்தக் காலத்தில்தான் செங் மென், ஜின் பின்சிங், வாங் ஷாவ்வெய் போன்றவர்கள், யுவான் கால ஓவியர் ஹுவாங் கோங்வாங்கின் மெல்லிய செந்நிற மலைப்படப் பாணியைப் பீங்கானின் மேற்பூச்சில் எழுதினார்கள். கோடும் அவரே, நிறமும் அவரே, பாட்டும் அவரே. கடைசியில் தேதி, பெயர், முத்திரை. வெட்டுப்பட்ட கை மறுபடி ஒன்று சேர்ந்தது. 1928இல் ஜூஷான் நண்பர்கள் எண்மர் என்கிற குழு கூடியது. பௌர்ணமிதோறும் சந்திப்பு. அதற்குத் தலைமை தாங்கிய வாங் சி, மாவு பிசைந்து பொம்மை செய்து விற்றுப் பிழைத்தவர். நீலவெள்ளையில் வாங் பூ (1898–1968) தண்ணீர் பிரிக்கும் முறையை எலும்பில்லா முறையோடு சேர்த்து, கோடே இல்லாமல் இலையை எழுப்பினார். நீலவெள்ளை எழுதும் தொழிலாளி ஒருவரின் மகன் அவர்.

மகிழ்ச்சிதான். ஆனாலும் கேட்க வேண்டியது ஒன்று மிச்சம் இருக்கிறது. பெயர் யாருக்கு வந்தது? அறிஞர் ஓவியத்தின் சட்டத்துக்குள், பாட்டும் முத்திரையுமாக வந்து நின்ற ஓவியக்காரருக்கு வந்தது. வனைந்தவருக்கு, செதுக்கியவருக்கு, பூச்சு ஊற்றியவருக்கு, இரவெல்லாம் நெருப்புப் பார்த்தவருக்கு வரவில்லை. இன்றைக்கும் பிரபலமானவரின் பெயருக்கு விலை ஏறுகிறது. அதே சாடியை வனைந்த கூலிக்காரரின் பெயர் சாடியில் இல்லை. சுவர் இடம் மாறியிருக்கிறது, விழவில்லை.

7

இதை ஏன் இங்கே எழுத வேண்டும் என்று தோழர்கள் கேட்கலாம். சீனத்துப் பதிவேடும் நம்மூர்ச் சாதியும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. கைவினைக் குடும்பத்தில் பிறந்து தேர்வெழுதி அதிகாரியானவர்கள் மிங் காலத்தில் உண்டு. பதிவேட்டை ஒரு ஆணையால் ஒழிக்க முடிந்தது. குயவர் தொட்ட கிண்ணத்தில் அரசன் கூச்சமில்லாமல் குடித்தான். தீட்டு என்கிற சொல் அங்கே பாண்டத்துக்கும் கைக்கும் நடுவில் நிற்கவில்லை. வேலையைப் பிரிப்பது வேறு, வேலை செய்கிறவர்களையே பிறப்பால் அடுக்கிப் பிரிப்பது வேறு என்று அம்பேத்கர் 1936இல் சொன்னதை மறந்துவிட்டு ஒப்பிட்டால் தப்பாகப் போய்விடும்.

ஆனால் ஒரு தந்திரம் இரண்டு இடத்திலும் ஒன்று. கையிலிருந்து அறிவைக் கழற்றி எடுத்து வேறொருவன் பெயரில் பத்திரம் பண்ணுவது. முதலில் 'உன்னால் முடியாது' என்பான். முடிந்ததைக் காட்டினால் 'இது கலை இல்லை, தொழில்' என்பான். கலைதான் என்று உலகம் ஒத்துக்கொண்டால் 'இது எங்களிடமிருந்து வந்தது' என்பான். ஜாங் யான்யுவான், சு ஷி, டோங் சிச்சாங் என்று ஆளாளுக்கு ஒரு படி. நாம் இந்தப் படிகளில் ஏறி இறங்கிய வலி உள்ளவர்கள். அதனால் மற்றவர்கள் பார்க்காத இடத்தில் நமக்குக் கண் போகிறது.

இராமநாதபுரம் கடற்கரையில் பெரியபட்டினத்தில் 1980களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்டியபோது 13, 14ஆம் நூற்றாண்டுச் சீனப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. ஜிங்டெஜென்னிலும் அதே 1980களில் ஜூஷானைத் தோண்டினார்கள். சிறு பிசகு இருந்ததால் அரசனுக்கு ஆகாது, குடிமக்கள் கைக்கும் போகக் கூடாது என்று உடைத்துப் புதைத்த பாண்டங்கள் குவியல் குவியலாக வந்தன. ஒட்டிப் பார்த்தால் பூ மலர்கிறது, மீன் நீந்துகிறது.

அப்படி ஒரு ஓடு கையில் கிடைத்தால் அடியைத் திருப்பி அரசன் பெயரைத் தேடுவது பழகிப்போன வழக்கம். நாம் மேல்பக்கத்தைப் பார்ப்போம். கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே அழுத்தம் விழுகிறது, எங்கே தண்ணீர் நின்று எங்கே உறிஞ்சப்பட்டிருக்கிறது என்று பார்ப்போம். அவர் கையெழுத்து அங்கேதான் இருக்கிறது. வேறெங்கும் போட அவரை விடவில்லை.